அம்மாவுக்கு ஒரு விசா

கிளீவ்லாண்ட், அமெரிக்கா
19-11-1973

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும் குணமாலா நமஸ்காரம்.

குழந்தைக்கு ஐந்து வாரம் முடிந்தது. பால் குடிக்கிறாள், அழுகிறாள், தூங்குவதில்லை. நானும் தூங்குவதில்லை. அவர் தொழிற்சாலைக்கு விடியும் முன்பே போய்விட்டு இருட்டிய பிறகுதான் வருகிறார். இங்கே ஐந்து மணிக்கே இருட்டு. பொழுது சாய்ந்தபின் சாப்பிடக் கூடாது என்ற நம் ஜைன நியமத்தை விட மனமில்லை; இருட்டுவதற்குள் சமைத்துச் சாப்பிட முடியாமல் பல நாள் வெறும் வயிற்றோடு படுத்துவிடுகிறேன்.

அம்மா, நீ வா. ஆறு மாதம் தங்குகிற மாதிரி விசா கேள். அவர் அழைப்புக் கடிதம் அனுப்பியிருக்கிறார். நீ வந்து இந்தக் குழந்தையை ஒரு நாள் குளிப்பாட்டினால் போதும், எனக்குச் சரியாகிவிடும் என்று தோன்றுகிறது.

உன் குணா


திருப்பருத்திக்குன்றம்
22-1-1974

வர்த்தமானர் துணை.

சிரஞ்சீவி குணாவுக்கு அம்மா ஆசீர்வாதம். மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசி.

பாஸ்போர்ட் ஒருவழியாக வந்தது. காஞ்சிபுரத்தில் வெளிநாடு போகிறவர்களுக்குப் பேப்பர் தயார் செய்கிற கலீல் பாய்தான் அலைந்தார். "ஊர் சுத்திப் பாக்கப் போறேன், மூணு மாசத்துல திரும்பிடுவேன்னு மட்டும் சொல்லும்மா. வேற எதுவும் பேசாதே" என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார்.

நேற்று நானும் உன் அப்பாவும் மெட்ராஸில் அமெரிக்க விசா ஆபீசுக்குப் போனோம். வெள்ளைக்கார அதிகாரி. தமிழ் சொல்ல ஒரு பெண் பக்கத்தில் இருந்தாள். "எதுக்குப் போறீங்க?" என்றாள். எனக்குப் பொய் வரவில்லை குணா. "பொண்ணு பிள்ளை பெத்து உடம்பு முடியாம கிடக்குது. நான் போய்ப் பாத்துக்கணும்" என்றேன். "எப்போ திரும்புவீங்க?" "அவளுக்குச் சரியானதும் வருவேன். தேதி எப்படிம்மா சொல்றது?"

அவ்வளவுதான். இல்லை என்றுவிட்டார்கள். அப்படிப் போகிறவர்கள் திரும்ப மாட்டார்களாம். எதையோ எழுதிவைத்துக்கொண்டு பாஸ்போர்ட்டை நீட்டினார்கள். 

வேளைக்குச் சாப்பிடம்மா. ஏதாவது வழி பார்க்கிறோம்.

அன்புடன்,
ரத்னமாலா


கிளீவ்லாண்ட்
6-2-1974

அம்மா,

பொய் சொல்லாத உன் விரதம் பெரிதா, நான் பெரிதா? எனக்காக ஒரே ஒரு பொய் உன் வாயிலிருந்து வராதா?

அவரிடம் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். திங்கட்கிழமை குழந்தை காலையிலிருந்து கத்திக்கொண்டே இருந்தாள். குளிக்கிற தொட்டியில் தண்ணீரை நிரப்பிவிட்டு அவளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என்ன நினைத்து நின்றேன் என்று எழுதக் கை வரவில்லை. திடீரென்று பயம் வந்து, செருப்புகூடப் போடாமல் பனியில் ஓடி, பக்கத்து வீட்டு அம்மாளிடம் அவளைக் கொடுத்துவிட்டேன்.

எனக்கு என்னைக் கண்டால் பயமாக இருக்கிறது. எப்படியாவது வா.

குணா


திருப்பருத்திக்குன்றம்
1-3-1974

என் கண்ணே குணா,

உன் கடிதத்தைப் படித்ததும் உன் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கலீல் பாய் வீட்டுக்குப் போய்விட்டார். நேற்று மறுபடி மெட்ராஸ் போனோம்.

பொய் சொன்னேன் அம்மாடி. "பொண்ணு நல்லா இருக்குறா. ஊர் சுத்திப் பாக்கத்தான் போறேன்" என்றேன். நாக்கு நடுங்கவில்லை. அந்த அதிகாரி போன தடவை எழுதிவைத்ததை எடுத்துப் பார்த்தார். "அன்னிக்கு உடம்பு முடியலன்னீங்க, இன்னிக்கு நல்லா இருக்கான்றீங்க. எது நிஜம்?" என்று அந்தப் பெண் கேட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். மெய் சொன்னபோதும் இல்லை, பொய் சொன்னபோதும் இல்லை.

வெளியே வந்து ரோட்டோரம் நின்றபோதுதான் உன் அப்பா கேட்டார்: "நீ அங்க போறதுக்குத்தானே இவங்க வேணும்? அவ நம்ம வூட்டுக்கு வர்றதுக்கு யாரைக் கேக்கணும்?"

விசா விசா என்று அலைந்ததில் இது எங்களுக்குத் தோன்றவே இல்லை குணா.

இன்று காலை உன் மாமியார் வந்து, "கைக்குழந்தையோட புருஷனை வுட்டுட்டு வந்தா நாலு பேரு இன்னா பேசுவாங்க?" என்றார். உன் அப்பா எதிர்த்துப் பேசாத மனிதர். "பேசிக்கினு போகட்டும்மா. என் பொண்ணும் அவ குழந்தையும் உசுரோட இருக்கணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

உங்கள் இருவரையும் உடனே அனுப்பச் சொல்லி மாப்பிள்ளைக்குத் தந்தி கொடுத்தாயிற்று. தொட்டி விஷயத்தையும் தனியாக எழுதிவிட்டேன். என்மேல் கோபம் வந்தால் வரட்டும். விமானம் ஏறும் வரைக்கும் நீ அந்த வீட்டில் தனியாக இருக்கக் கூடாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் போய் உட்கார். பாஷை தெரியாவிட்டால் பரவாயில்லை, உட்கார்.

என்றைக்கு விமானம் என்று மட்டும் தந்தி கொடுக்கச் சொல். மீனம்பாக்கத்தில் நிற்கிறோம்.

பதில் எழுதிக்கொண்டிருக்காதே. கிளம்பு.

அம்மா