தொங்கும் துணியில் நீலக் கோடு

3 டிசம்பர் 1990, திங்கள்

நேற்று மாலையே அவர் உடுமலைப்பேட்டை பஸ் ஏறிவிட்டார். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, அதிலும் பாதி தூக்கத்தில் போகிறது. தென்னந்தோப்புக் காவல்காரருக்கு அதற்கு மேல் லீவு இல்லையாம். தேங்காய்க்கு இருக்கிற காவல்கூட எனக்கு இல்லை.

விருந்தாளி மாதிரி உட்கார்ந்து சாப்பிடுகிறார். எதைப் போட்டாலும் "நல்லாருக்குது மயிலு" என்கிறார். நேற்று ரசம் கரித்தது எனக்கே தெரியும். அதுவும் நல்லாருக்குதாம். கட்டி ஆறு வருஷம் ஆன புருஷன் இப்படிப் பேசினால் எரிச்சல் வராதா?

6 டிசம்பர், வியாழன்

பனியன் கம்பெனியில் என் செக்கிங் மேஜைக்கு எதிரே நிற்கும் முனவர் பேகம் ஒரு சேதி சொன்னாள். பல்லடம் ரோட்டில் புதிதாக வந்த மில்லுக்கு, சொந்தத் துப்பாக்கியும் லைசென்ஸும் உள்ள காவலாள் வேண்டுமாம். அவள் தம்பி அங்கே லாரி ஓட்டுகிறான்.

"வெள்ளியங்கிரி அண்ணனுக்குச் சொல்லுங்கக்கா. தெனமும் ஊட்டுக்கு வந்துருவாருங்க."

தினமும். அந்த வார்த்தைக்குப் பிறகு எத்தனை பனியனில் ஓட்டையைக் கோட்டைவிட்டேனோ தெரியாது.

மேனேஜர் பட்டாளத்தில் இருந்தவராம். ஜனவரி ஒன்பதாம் தேதி சுட்டுக் காட்டச் சொல்கிறார். நூறு கஜத்தில் ஒரு இரும்புத் தட்டு, அதை ஒற்றைக் குண்டு போட்டு அடிக்க வேண்டும், இரண்டு தடவை சுடலாம். மில் கேட்டுக்கும் குடோனுக்கும் அவ்வளவு தூரம் இருக்கிறதாம்.

10 டிசம்பர்

தோப்பு முதலாளி வீட்டுக்குப் போன் போட்டு அவரைக் கூப்பிடச் சொல்லிப் பேசினேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் இழுக்கிறார்.

"நூறு கஜமா? தோப்புல நான் செதறிப் போற சின்ன ரவைதான் போடறேன் புள்ள. ஒத்தைக் குண்டு அம்புட்டுத் தூரத்துக்கு ஆகாது. போகப் போக வேகம் கொறைஞ்சு எறங்கீரும். பக்கவாட்டுலயும் அலையும்."

எவ்வளவு இறங்கும் என்று கேட்டேன். அளந்து பார்த்ததில்லையாம். அளக்க நான் இருக்கிறேனே. அதுதானே என் வேலை.

16 டிசம்பர், ஞாயிறு. தோப்பில்

நேற்றே டேமேஜ் பனியன் துணியை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கண்டக்டர் மூட்டைக்கும் டிக்கெட் கேட்டார்.

தோப்பு ஓரத்து மேட்டுக்கு முன்னால் கம்பு நட்டு மூன்று துணி கட்டினோம். அவர் சுடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, நூறு கஜத்தில் ஒன்று. குண்டு தூரத்தில் அலையும் என்பதால் கடைசித் துணி ரொம்பப் பெரிது. ஆள் உயரத்துக்கு மேலே கயிறு கட்டி, வேட்டி மாதிரி தரை வரைக்கும் விட்டோம். கொத்தனாரிடம் தண்ணிக் குழாய் வாங்கி மட்டம் பார்த்து, மூன்றிலும் ஒரே உயரத்தில் நீலச் சாக்பீஸால் கோடு போட்டேன். அதற்குள் இருட்டிவிட்டது.

காலையில் மூன்றும் பனியில் நனைந்து கிடந்தன. அவர் துப்பாக்கியை ஒரு மண் திட்டில் முட்டுக் கொடுத்துப் பக்கத்துத் துணியின் கோட்டைக் குறிபார்த்துச் சுட்டார். குண்டு மூன்றையும் துளைத்துக்கொண்டு மேட்டில் புதைந்தது. நான் டேப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

முதல் துணியில் கோட்டின் மேலேயே ஓட்டை. நடுவில் இரண்டு விரல் கீழே. கடைசியில் நாலு விரல் கீழே, அவ்வளவுதான். மறுபடியும் சுட்டதில் இடமும் வலமும் அலைந்தது. இறக்கம் மட்டும் கிட்டத்தட்ட அதே நாலு விரல்.

ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். "இன்னுங் கீழ போயிருக்கோணுமே புள்ள."

"டேப்பு பொய் சொல்லுமாங்க?"

சிரித்தார். "செரி. அளவு பாக்கறது உன்ற பொழப்பு. நீ சொன்னாச் செரிதான்."

25 டிசம்பர்

இந்த வீட்டில் அவருக்கென்று ஒரு ஆணி அடித்தேன், சட்டை மாட்ட. வெறும் ஆணியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பைத்தியம்.

9 ஜனவரி 1991, புதன்

கிடைக்கவில்லை.

லீவு போட்டு மில் கேட்டுக்கு வெளியே நின்றேன். தட்டில் குண்டு பட்டால் சத்தம் வரும் என்று பேகம் சொல்லியிருந்தாள். வெடிச் சத்தம் மட்டும் வந்தது, இரண்டு தடவை. தட்டு சத்தமே போடவில்லை.

இரண்டு குண்டும் தட்டுக்கு ஒரு சாண் கீழே மண்ணில். நாலு விரல் மேலே பிடித்துத்தான் சுட்டாராம், நான் சொன்ன மாதிரியே. குண்டடம் ஊர்க்காரர் ஒருவருக்கு வேலை ஆகிவிட்டது. இவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு அவர்தான் பஸ் ஏறினார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் ஏறியதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

12 ஜனவரி, சனி

புதிதாக வந்த பெண் ஒருத்தி ஈரத் துணியைத் தூக்கிப் பிடித்து அளந்தாள். "தொங்கவிட்டு அளக்காதே கண்ணு, பனியன் துணி நீண்டுரும். மேஜையில விரிச்சுப் போட்டு அள" என்றேன். வருகிற பெண்களுக்கெல்லாம் நான் சொல்கிற முதல் பாடமே அதுதான்.

சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டேன்.

13 ஜனவரி, ஞாயிறு

நேற்று, தோப்பிலிருந்து மூட்டையில் திரும்பிய அந்தக் கடைசித் துணியைக் காய்ந்தபடியே கொல்லையில் கட்டி, கோடு இருந்த உயரத்தில் சுவரில் கரியால் ஒரு கீறல் போட்டேன். தண்ணீர் தெளித்து இரவெல்லாம் விட்டேன். காலையில் பார்த்தால் கோடு கீறலுக்கு ஒரு சாண் கீழே நிற்கிறது. அதே மாதிரி கட்டி நனைத்த சின்னத் துணி இரண்டும் நீளவில்லை. இந்தப் பெரியது, தன் கனத்திலேயே நீண்டு, கோட்டையும் கூடவே இழுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறது. குண்டு எவ்வளவோ இறங்கித்தான் இருக்கிறது. அதோடு சேர்ந்து கோடும் இறங்கியதால் எனக்கு நாலு விரலாகத் தெரிந்தது.

அவருக்குத் தெரிந்திருந்தது. நான்தான் டேப்பை நீட்டினேன். ஐயோ, எட்டு வருஷம் துணி பார்த்தவள் நான் —

15 ஜனவரி. பொங்கல்

வந்தார். சொன்னேன். திட்டுவார் என்று இருந்தேன், திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"அது போகுது உடு. செரியா அளந்திருந்தாலும் அலையறதை யாரு புடிக்கறது? இந்தக் குண்டுக்குக் கிட்டப் போயித்தான் சுடோணும் புள்ள. தூரத்துல நின்னுக்கிட்டு மேல புடி, கீழ புடின்னா ஆகாது."

பொங்கல் குழைந்து போயிருந்தது. நல்லாருக்குது என்று சாப்பிட்டார்.

17 ஜனவரி

அவர்தான் வரவேண்டும் என்று ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காட்டுக்குள் வந்து நான் என்ன செய்வது என்று ஒரு தடவை கத்தியும் இருக்கிறேன். அதன் பிறகு அவர் கூப்பிடவே இல்லை.

நான் போனால் என்ன?

4 பிப்ரவரி

கம்பெனியில் சொல்லிவிட்டேன். "சூப்பர்வைசர் ஆகற நேரத்துல தோப்புக்குப் போறீங்களேக்கா" என்று பேகத்துக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான். இந்த மண்ணரைத் தெருவின் மெஷின் சத்தம் இல்லாமல் தூக்கம் வருமா தெரியவில்லை.

11 மார்ச் 1991, திங்கள். தோப்பு

காவல் ரூமுக்கு ஒரே ஜன்னல். அந்தப் பெரிய துணியைத் துவைத்துக் காயவைத்து, தரையில் விரித்துப் போட்டு அளந்து, திரை தைத்தேன். ஓட்டைகளை அடைக்கவில்லை. இங்கே பேச ஆள் இல்லை, பகலில் பேகத்தை நினைத்துக்கொள்கிறேன்.

மதியம் கூப்பிட்டதும் வந்து உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்ததும், ஆறு வருஷத்தில் முதல் தடவையாக முகத்தைச் சுளித்தார்.

"என்ன புள்ள, கொழம்புல உப்பே இல்ல?"

உப்பு ஜாடியை எடுக்க எழுந்தவள், அவர் பார்க்காதபடி அடுப்புப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.