தையல் எந்தப் பக்கம்

அக்டோபர் 5, 1986
கல்லூரி விடுதி (அமெரிக்கக் கால்பந்து அணி)

என் ரஸ்ஸுக்கு,

தோள்பட்டை அறுவை ஆறிவருகிறதா? நீ ஊருக்குப் போனபின், குனிந்து கால்களுக்கு நடுவே முட்டைவடிவப் பந்தைப் பின்னால் எறிவது ஒரு புதுப் பையன். நன்றாகத்தான் எறிகிறான். உன்னைப் போலக் குனிந்தபடியே கெட்ட பாட்டுப் பாடுவதில்லை, அதுதான் குறை.

நேற்றைய ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பாய். இரண்டு ஆட்டங்களில் ஐந்து உதை. அதில் நான்கு, இரு கம்பங்களுக்கு வெளியே போயின. இன்று காலை யாரோ என் அறைக் கதவில் குழந்தைச் செருப்பு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். கோச் எல்லார் முன்னாலும் சொன்னார்: "பதினெட்டாம் தேதிதான் கடைசி. அன்னைக்கும் விட்டா, உங்கப்பன்கூட வீட்டுல போய் உக்காரு." அப்பாவின் எஃகு ஆலை மூடிவிட்டது அவருக்குத் தெரியும். உதவித்தொகை கிடைக்காவிட்டால் ஜனவரியில் நான் படிப்பை விட வேண்டும் என்பதும் தெரியும்.

ஒரு வருடம் உன் கால்களுக்கு நடுவே என்னைத் தலைகீழாகப் பார்த்தவன் நீ. உள்ளதைச் சொல். நான் தேறுவேனா?

மிலோ

அக்டோபர் 9

மிலோ பயலே,

அக்கா வீட்டு வீடியோவில் உன் ஐந்து உதைகளையும் பதினைந்து தடவை ஓட்டிப் பார்த்தேன். அக்கா புருஷன் டுவெய்ன் கத்துகிறார்: "அந்தத் தெத்துக்காலன் மூஞ்சியையே எத்தனை வாட்டிடா காட்டுவ?"

உன் காலில் ஒரு குறையும் இல்லை. ஓட்டம், இடுப்பு, பாதம் எல்லாம் போன வருடத்தைவிடச் சுத்தம். குறை பந்தில். உதைப்பவனுக்குப் பந்தின் தையல் முன்பக்கம், கம்பங்களைப் பார்த்து இருக்க வேண்டும். நான்கு உதையிலும் அது உன்னைப் பார்த்தபடி நிற்கிறது. பந்தை வாங்கித் தரையில் நிறுத்துகிறவன் கர்ட்டிஸ். ஒரு சுண்டு சுண்டித் திருப்புவானே, இப்போது திருப்புவதில்லை. அவன் நடுவிரலில் தோல் நிறத்தில் பட்டை ஒட்டியிருக்கிறது.

ஞாயிறு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கோச், "அந்தப் பையனுக்கு நெஞ்சுல உரம் இல்லை" என்று சிரிக்கிறார். அந்த நிகழ்ச்சிக்கு அவருக்குத் தனிச் சம்பளம். எழுபதாயிரம் பேர் டிக்கெட் வாங்கி வந்து, கூலியில்லாமல் ஆடும் ஒருவனைத் திட்டுகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

அவரிடம் இதை நீயே சொல். இல்லையென்றால் நான் கோச்சுக்கு எழுதுவேன்.

ரஸ்

அக்டோபர் 14

ரஸ்,

வெளியிலிருந்து பார்த்தால் தெரிகிறதா என்று அறியத்தான் உன்னைக் கேட்டேன். தெரிகிறது. ஆனால் உன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்.

கர்ட்டிஸின் விரல் செப்டம்பரிலேயே முறிந்துவிட்டது. அவனுக்கு அணியில் இருப்பது இந்த ஒரு வேலைதான். உதவித்தொகையை வருடா வருடம் புதுப்பிக்கிறார்கள் என்பது உனக்குத் தெரியும். "கை உடைஞ்சவனுக்கு யாருடா சோறு போடுவான்?" என்றான். "நீ திருப்பாத. எப்படி விழுதோ அப்படியே நிறுத்து. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

ஆட்டமில்லாத வாரம் என்பதால் தினமும் விடியலில் இருவரும் மைதானத்துக்குப் போகிறோம். தையலை வேண்டுமென்றே என் பக்கம் வைக்கச் சொல்கிறேன். பந்து இடதுபக்கம் இழுக்கிறது. வலதுகம்பத்தைக் குறிவைத்தால் உள்ளே வருகிறது. முதல் நாள் நாற்பதில் ஒன்பது, இன்று முப்பத்தொன்று.

கோச்சுக்கு எழுதாதே.

மிலோ

அக்டோபர் 19

மிலோ,

நேற்று கடைசி நிமிடம், நாற்பத்தாறு கஜம். தையல் உன் மூக்கைப் பார்த்து நின்றது. நீ உதைத்ததும் பந்து வலதுகம்பத்தை நோக்கிப் போக, டுவெய்ன் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். பிறகு அது மெல்ல வளைந்து நடுவே நுழைந்தது. மனிதர் சோபாமேல் ஏறிக் குதித்தார்: "நம்ம பையன்டா!"

நீ தேறுவாயா என்று கேட்டாயே. சுத்தமான பந்தைச் சுத்தமாக உதைக்கப் பலருக்கு வரும். கோணல் பந்தைத் தெரிந்தே ஏற்று, அதற்கேற்பக் காலை மாற்றியவனை நான் பார்த்ததில்லை. யார் என்ன சொன்னாலும் இது என் தீர்ப்பு.

ஆனால் உன் கடிதம் வெள்ளிக்கிழமைதான் வந்தது. வியாழனே கோச்சுக்கு எழுதித் தபாலில் போட்டுவிட்டேன்.

இன்று விடுதிக்குத் தொலைபேசினேன். நீ இல்லை, கர்ட்டிஸ் எடுத்தான். சொன்னேன். கடிதம் எப்போது போய்ச் சேரும் என்று கேட்டான். பிறகு, "உன் கோழிக் கிறுக்கல அவரால படிக்க முடியுமாடா?" என்றான். நான் சிரிக்கவில்லை. "நாளைக்குக் காலைல நானே போய்க் கையக் காட்டுறேன்" என்று வைத்துவிட்டான்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ரஸ்

அக்டோபர் 24

ரஸ்,

திங்களன்று உன் கடிதம் பிரிக்கப்படுவதற்கு முன்பே கர்ட்டிஸ் கோச் அறையில் இருந்தான். விரலுக்குக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். மே மாதம்வரை இருக்கலாம், பிறகு பார்க்கலாம் என்றார்களாம். அந்தப் 'பிறகு' என்னவென்று நம் மூவருக்கும் தெரியும்.

எனக்கு உதவித்தொகைத் தாள் நீட்டினார்கள். "உன்மேல எனக்கு எப்பவும் நம்பிக்கை உண்டு" என்றார் கோச். கையெழுத்துப் போட்டேன். பேனா கனத்தது.

என் காலைச் சரியாக எடைபோட்டாய். கர்ட்டிஸை எடைபோட மறந்துவிட்டாய். மூன்று நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். இன்று காலையும் அவன் மைதானத்துக்கு வந்தான். நான் உதைத்த பந்துகளை ஒற்றைக் கையால் பொறுக்கிப் போட்டுக்கொண்டே, "அந்தத் தடியனுக்குத் தோள் எப்படி இருக்காம்?" என்று கேட்டான்.

விரலுக்கு ஆறு வாரம். உன் தோளுக்கும் அவ்வளவுதானே? இருவருக்கும் ஆறியதும் வா. நீ எறி, அவன் நிறுத்தட்டும். தையல் எந்தப் பக்கம் நின்றாலும் நான் உதைக்கிறேன்.

மிலோ