அட்டை டெலிபோனில் அம்மா

மல்லிகாக்கா, என் செல்லச் சண்டைக்காரியே,

நீ போய் எட்டு மாதமாகிறது. நல்ல சேதியோடுதான் உனக்கு முதல் கடிதம் எழுத வேண்டும் என்றிருந்தேன். முடியவில்லை. ஊரைப் பார்த்தாலே குமட்டுகிறது. அதைவிட, என்னைப் பார்த்தால்.

உன் மகள் தன்யா ஒன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். பள்ளி ஆண்டு விழாவில் ‘அந்தக் காலப் பொருள்கள்’ என்று ஒரு நிகழ்ச்சி. அவளுக்கு டெலிபோன். அட்டையில் செய்து தரச் சொன்னார் அவளுடைய மிஸ். அட்டைக்கு எனக்கா பஞ்சம்? பொழுதெல்லாம் சாக்லேட் கடையில் பெட்டி மடிப்பவள்தானே நான்.

நசுங்கிய பெட்டிகளை வெட்டி ஒட்டினேன். டப்பா மூடியை வைத்து வட்டம் போட்டு, எண்ணுக்கு ஒன்றாகப் பத்து ஓட்டை. பரிசுப் பெட்டிக்குக் கட்டும் ரிப்பனைக் கத்தரிக்கோலால் அழுத்தி இழுத்தால் சுருண்டுகொள்ளும் இல்லையா, அதுதான் வயர். ஒரே தப்பு, மைதாப் பசை. கொடைக்கானல் மூடுபனியில் அது காயுமா? மூன்றாம் நாள் ரிசீவர் முழுக்க வெள்ளைப் பூஞ்சை, புளித்த நாற்றம். துடைத்து, அடுப்போரம் காயவைத்து, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்து மறைத்தேன். தன்யா மோந்து பார்த்து, “சித்தி, சாக்லேட்டும் நாறுது, மாவும் நாறுது” என்றாள்.

விழாவன்று மற்றப் பிள்ளைகள் உரல், அரிக்கேன் விளக்கு என்று அட்டையில் செய்ததைக் காட்டிவிட்டு ஓடினார்கள். தன்யா வந்ததும் விளக்கைக் குறைத்தார்கள். சோகமாக ஒரு புல்லாங்குழல். மிஸ் மைக்கில், “அம்மாவ இழந்த நம்ம தன்யா, இப்ப அம்மாகூடப் பேசப் போறா” என்றார். சத்தியமாக எனக்குத் தெரியாதக்கா.

அவள் எண்ணைச் சுழற்றினாள். ரிசீவரைக் காதில் வைத்துக் காத்திருந்தாள். “அம்மா, ஏம்மா எடுக்க மாட்டேங்குற? மணி நாலாயிருச்சும்மா.”

நாலு மணி! நீ ஓட்டல் ரிசப்ஷனிலிருந்து தினமும் அவளைக் கூப்பிடும் நேரம். எங்கும் விசும்பல். கூடவே வரிசை வரிசையாகச் செல்போன்கள் மேலே எழுந்தன. நானும் ஏங்கி ஏங்கி அழுதேன். அழுதுகொண்டே வீடியோவும் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து, “அம்மா ஞாபகம் வந்துருச்சாடி?” என்று கேட்டேன்.

சாக்ஸைக் கழற்றிக்கொண்டே, “இல்ல சித்தி, மிஸ் சொல்லிக் குடுத்தாங்க. நல்லாச் சொன்னா எல்லாரும் அழுவாங்கன்னாங்க. நீங்களும் அழுதீங்கள்ல?” என்றாள்.

நாலு மணிக் கதையை மிஸ்ஸிடம் சொன்னது யார்? நான்தான். ஒரு நாள் பள்ளி வாசலில், யாராவது ‘ஐயோ பாவம்’ என்று சொல்ல மாட்டார்களா என்று ஏங்கி உளறியிருக்கிறேன். சீ! அவர்களை மட்டும் திட்டி என்ன பயன்?

இப்போது, அன்று யாரோ எடுத்த வீடியோ ஊர் முழுக்கச் சுற்றுகிறது. எங்கள் முதலாளி கடைக்கு வரும் டூரிஸ்ட்களிடம் அதைக் காட்டி, என்னையும் கூப்பிட்டுக் காட்டுகிறார். அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் கால் கிலோ சாக்லேட் சேர்த்து வாங்குகிறார்கள்.

நேற்று மிஸ் போன் செய்தார். “பெரிய ரிசார்ட்ல ஒரு ஃபங்ஷன்ங்க. நம்ம தன்யாதான் வேணும்னு கேக்குறாங்க. டெலிபோன மறக்காம எடுத்துட்டு வந்துருங்க. அப்புறம்... இந்தத் தடவ கடைசில புள்ளையும் கொஞ்சம் அழுதா நல்லாருக்கும்.”

வாய் நிறையத் திட்டு இருந்தது. ஆனால் பள்ளியில் அவளை ஒதுக்கிவிட்டால் என்ன செய்வது? “யோசிச்சுச் சொல்றேங்க” என்று வைத்தேன். உனக்கு இப்படி ஒரு தங்கை.

ஆத்திரம் தாளாமல் அந்த டெலிபோனை அடுப்பில் போடப் போனேன். தன்யா ஓடி வந்து பிடுங்கிக்கொண்டாள். கட்டிலில் ஏறி உட்கார்ந்து ரிசீவரை எடுத்தாள். அப்படியே உன் ரிசப்ஷன் குரல்!

“ஹலோ, குட் ஈவினிங். யாருங்க, மிஸ்ஸா? அம்மா இங்க இல்லைங்க. செத்துட்டாங்க. இனிமே இந்த நம்பருக்குக் கூப்புடாதீங்க.”

வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “சித்தி, இது அட்டை. மிஸ்ஸுக்குக் கேக்காது. நீங்க உங்க போன்ல சொல்லுங்க.”

சொன்னேன் அக்கா. மிஸ்ஸைக் கூப்பிட்டு, ரிசார்ட்டுக்குத் தன்யா வரமாட்டாள் என்று சொன்னேன். என்னிடமிருந்த வீடியோவையும் அழித்தேன். அந்த வீடியோ சுற்றும் இடத்திலேயே இந்தக் கடிதத்தையும் போடப் போகிறேன்; அன்றைக்கு அழுதவர்கள் எல்லாரும் இதையும் படிக்கட்டும்.

உன் பெயரைச் சொல்லி இனி யாரும் அவளை மேடையேற்ற முடியாது. முதலில் நானே விடமாட்டேன். இன்று நாலு மணிக்குக் கடையிலிருந்து அவளைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். நாளையும் கூப்பிடுவேன்.

உன் தங்கை,
தன்யாவின் சித்தி,
செல்வி