கால் எட்டாத இடம்

பெப்ரவரி 18, புதன். தூறல்.

திருநீற்றுப் புதன். காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு நேரே பள்ளிக்கூடம். பேருந்தில் ஒருவர், நெற்றியில் அழுக்கு இருக்கிறது என்று கடதாசிக் கைக்குட்டை நீட்டினார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். துடைக்கவில்லை.

ஈஸ்டர் வரை எதை விடுவது என்ற தவக்கால ஒறுத்தல் இன்னும் முடிவாகவில்லை. ஒவ்வோர் ஆண்டும் சொக்லேட்டைத்தான் விடுகிறேன். ஈஸ்டர் அன்று எல்லாவற்றையும் சேர்த்துத் தின்றுவிடுகிறேன். எனக்குள் ஒன்றும் மாறுவதில்லை. இந்த முறை ஒன்றை விடுவதற்குப் பதிலாக, பயமான ஒன்றைச் செய்து பார்த்தால் என்ன?

என் பயங்கள்: 1. தெரியாதவருடன் தொலைபேசி. 2. கணித வகுப்பில் கை தூக்குவது. 3. தண்ணீர்.

3தான் பெரிது. ஈஸ்டருக்குப் பிறகு பள்ளிக்கூட ஆற்றுப் பயணம். கால் எட்டாத ஆழத்தில் தனியாக மிதக்கத் தெரிந்தால்தான் படகு. மற்றவர்கள் கரையில் நின்று, படகில் போகிறவர்கள் கழற்றி வைத்த சப்பாத்துகளைக் காவல் காக்க வேண்டும். போன வருடம் காவல் நான்.

அம்மாவிடம் சொன்னேன்.

"ஒறுத்தல் எண்டா விடுறது பிள்ளை. செய்யிறது இல்லை."

"பயத்தை விடுறன் எண்டு வையுங்கோவன்."

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

பெப்ரவரி 21, சனி. வெயில், ஆனாலும் குளிர்.

நீச்சல் தடாகம். தொடக்க வகுப்பு. எனக்குப் பதினைந்து வயது, மற்ற எல்லோருக்கும் ஆறேழு. தண்ணீர் அவர்களுக்கு நெஞ்சளவு, எனக்குத் தொடையளவு. அனோஜா என்று ஒரு குட்டி, போன வருடம் பிரான்சிலிருந்து வந்த குடும்பம். என்னை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"அக்கா, நீங்கள் டீச்சரோ?"

"இல்லை."

"அப்ப பெயிலோ?"

சனிக்கிழமை வழக்கப்படி அம்மா காலையிலேயே தலை நிறையத் தேங்காயெண்ணெய் வைத்துப் பின்னிவிட்டிருந்தார். நீச்சல் தொப்பி நிற்கவே இல்லை. இழுத்து விட்டதும் வழுக்கித் துள்ளியது. கடைசியில் தனியே போய்விட்டது. இன்று வகுப்பில் முதலில் மிதந்தது என் தொப்பி.

நீச்சலுடையில் அந்தோனியார் பதக்கம், ஊசியோடு. அதுவும் அம்மா குத்திவிட்டதுதான். பயிற்சியாளர் ஜாக்கி கழற்றச் சொன்னார். மேலே பார்வையாளர் வரிசையில் அம்மா: கையில் செபமாலை, கண் மூடியபடி.

மார்ச் 7, சனி. மழை.

எண்ணெய் இல்லை. (அம்மாவுக்கு வருத்தம்.) தொப்பி நிற்கிறது.

ஆழமில்லாத பக்கத்தில் மிதக்கிறேன்! விசித்திரம்: முயன்றால் மூழ்குகிறேன், சும்மா கிடந்தால் தண்ணீரே தூக்குகிறது. காது உள்ளே போனதும் எல்லா இரைச்சலும் எங்கோ தூரத்தில். என் மூச்சு மட்டும் பக்கத்தில். ஏன் அப்படி? பௌதிக ஆசிரியரிடம் கேட்க வேண்டும்.

பிறகு ஆழப் பக்கம். அடியில் வெளிர் நீல ஓடுகள் கடும் நீலமாக மாறும் ஒரு கோடு. அதைத் தாண்டியதும் கால் தானாகத் தரையைத் தேடியது. தரை இல்லை. மிச்ச வகுப்பு முழுவதும் சுவர்க் கம்பியைப் பிடித்தபடி. அனோஜா கடந்து போகும்போது,

"பரவாயில்லை அக்கா. நானும் சின்னனில அழுதனான்."

மார்ச் 20, வெள்ளி. மப்பு மந்தாரம்.

இறைச்சி இல்லாத நாள். டூட்டிங் தமிழ்க் கடையில் வாங்கிய கத்தரிக்காயில் குழம்பு. இடியப்பம், சொதி. கணித வகுப்பில் கை தூக்கினேன். விடை பிழை. ஒன்றும் ஆகவில்லை.

நாளை ஜாக்கி சோதிப்பார். படகா, சப்பாத்தா என்று தெரிந்துவிடும்.

தடாகத்தில் ஏன் கண்ணை மூடுகிறார் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"பார்க்க ஏலாது."

"நான் தாழமாட்டன் அம்மா."

"உன்னை இல்லை. தண்ணியை."

எட்டு வயதில் மன்னாரிலிருந்து படகில் இந்தியாவுக்குப் போனவர் அம்மா. அது எனக்குத் தெரியும். இது தெரியாது:

"எவ்வளவு ஆழம் எண்டு கேட்டனான். ஒருத்தரும் சொல்லேல்லை. சத்தம் போடாதை எண்டிச்சினம்."

பிறகு இடியப்பத் தட்டுகளைக் கழுவப் போய்விட்டார். நான் இரண்டு முறை துடைக்கப் போனேன், வேண்டாம் என்றார்.

மார்ச் 21, சனி. நல்ல வெயில்.

முதல் வேலையாக ஜாக்கியிடம் ஆழம் கேட்டேன். மேலே பார்த்துக் கத்தினேன்: "அம்மா, ரெண்டு மீற்றர்தான். என்ர தலைக்கு மேல ஒரு முழம்." எல்லோரும் திரும்பினார்கள். அம்மாவும் கண்ணைத் திறந்தார்.

கம்பியைப் பிடித்தபடி கோட்டைத் தாண்டினேன். அளவு தெரிந்தும் பயம் குறையவில்லை. ஆனாலும் கம்பியை விட்டேன். கால் தரையைத் தேடியது. தேடட்டும் என்று கிடந்தேன். மூக்கில் தண்ணீர். இருமல். மறுபடி கிடந்தேன். கூரையில் யாரோ தவறவிட்ட ஒரு மஞ்சள் பலூன், ஒட்டிக்கொண்டு. எவ்வளவு நாளாக அங்கே? அதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஜாக்கி போதும் என்றார்.

படகு.

பேருந்தில் அம்மா: "அப்ப பயம் போட்டுதோ?"

"இல்லை, இருக்கு. ஆனா பிடிச்சிருக்கு."

"பிடிச்சா அது ஒறுத்தல் இல்லை. ஈஸ்டருக்கு இன்னும் ரெண்டு கிழமை கிடக்கு."

யோசிக்க வேண்டிய கேள்வி. பயம் 1 மிச்சம் இருக்கிறது. அதுவும் பிடித்துப்போனால்?

வீட்டில் என் துவாயைப் பிழிந்துகொண்டே, சுவரிடம் கேட்பதுபோல அம்மா கேட்டார்:

"அந்தச் சின்னப் பிள்ளையளின்ர பக்கம் எவ்வளவு ஆழம்?"

"துடையளவுதான்."

"உன்ர துடையோ, என்ர துடையோ?"