மூன்று அங்குல பெல்ட்

ஒரகடம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சந்தனமாரிக்கு,

பார்சலைப் பிரித்ததும் பெல்ட்டைத்தான் முதலில் எடுத்திருப்பாய். இடுப்பில் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வந்து இதைப் படி. அம்மா கேட்டால், பெல்ட்டை எப்படிப் பழக்குவது என்று அக்கா எழுதியிருக்கிறாள் என்று சொல். அது பொய்யுமில்லை. போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அங்கே அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் பேசுவாள். இங்கே இருப்பது ஒற்றை அறை, உன் அத்தான் பக்கத்திலேயே இருப்பார். இப்போது முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார்.

நீ கேட்டது அத்தான் வெயிட் தூக்கும்போது கட்டிய பழைய பெல்ட்டை. அவர்தான் இப்போது ஜிம்முக்குப் போவதில்லையே, சும்மாதானே கிடக்கும் என்றாய். அது சும்மா கிடக்கவில்லை. அதைப் பின்னால் எழுதுகிறேன். முதலில் உன்னுடையதைப் பற்றி.

கடையில் எனக்கு எடுத்துக் காட்டியது முதுகுப் பக்கம் அகலமாகவும் வயிற்றுப் பக்கம் ஒடுங்கியும் இருந்தது. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்திருந்தார்கள். பளபளப்பைப் பார்த்து ஏமாந்திருப்பேன். என்னோடு வேலை செய்யும் சசிகலா படப்பைப் பக்கத்துக்காரி. அவள் தம்பி ஸ்ரீதர் அங்கே ஒரு ஜிம்மில் பயிற்சி கொடுக்கிறான். அவனுக்குப் போட்டோ அனுப்பினேன். உடனே கூப்பிட்டுவிட்டான். "யக்கா, மெத்துனு வோணும்னா தலகாணி வாங்கினு போங்க. இத்த கட்டிக்கினு உங்க தங்கச்சி வெய்ட்டு தூக்க வாணாம். நேர்ல வாங்க, என்னாண்ட நாலஞ்சு கீது, கட்டிப் பாத்து எடுக்கலாம்" என்றான். பஞ்சு வைத்தது போட்டியிலும் செல்லாதாம்.

நீ அனுப்பிய அளவு பேன்ட் அளவு. பெல்ட் அங்கே உட்காராது. தொப்புளைச் சுற்றி, பயிற்சிக்குப் போடும் பனியனோடு சேர்த்து அளக்க வேண்டும். நம் இருவருக்கும் அம்மா ஒரே அளவில்தானே சுடிதார் தைத்தாள் என்று ஸ்ரீதரின் ஜிம்மில் நானே கட்டிப் பார்த்தேன். சுற்றிலும் நான்கு அங்குல அகலம் இருப்பதைத்தான் ஆண்கள் கட்டுகிறார்கள். அதைக் கட்டிக்கொண்டு குனிந்தேன். மேலே விலா எலும்பிலும் கீழே இடுப்பெலும்பிலும் ஒரே நேரத்தில் குத்தியது. நமக்கு விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவே உடம்பு கட்டை. அதனால்தான் மூன்று அங்குலம். தடிமன் பத்து மில்லிமீட்டர். பதின்மூன்றும் இருந்தது, ஆனால் அது பலகை மாதிரி நின்றது. ஓரத்தைப் பார், ஒரே தோல். மலிவான பெல்ட்டுகளில் மெல்லிய தோல்களை ஒட்டித் தைத்திருப்பார்கள். வேர்வை ஊற ஊற ஏடு ஏடாகப் பிரிந்துவிடுமாம்.

நெம்புகோல் போட்டுச் சட்டென்று பூட்டும் பெல்ட்டுதான் நீ வீடியோவில் பார்த்து ஆசைப்பட்டது. அதில் அளவை மாற்ற ஸ்குரூ டிரைவர் வேண்டும். மாதத்தில் சில நாட்கள் நம் வயிறு வேறு அளவில் இருக்கும் என்பது அதைச் செய்தவர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது. ஒற்றை முள் பக்கிள் வைத்ததையே எடுத்தேன். நடு ஓட்டையில் உனக்குச் சரியாக நிற்க வேண்டும். புதிதில் முரண்டு பிடிக்கும். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சுருட்டிப் பழக்கு. தண்ணீரில் நனைத்துவிடாதே.

கட்டிப் பார்த்தபோது ஸ்ரீதர் சொன்னதைக் கவனமாகப் படி. "இறுக்கிக் கட்டிட்டு சும்மா நின்னா அது வெறும் தோலுக்கா. மூச்ச வயித்துக்கு இழுத்து அடைங்க. நாலா பக்கமும் பெல்ட்ட தள்ளுங்க. தூக்கி வச்சதும் அவுத்துடணும். அவுக்காம சுத்திக்கினு இருந்தா இன்னா பிரயோஜனம்?" அப்படியே செய்தேன். என் மூச்சு சாய்ந்து நிற்க ஒரு சுவர் கிடைத்த மாதிரி இருந்தது. ஒரு நிமிடம் எனக்கே எடை தூக்கும் கம்பியைத் தொட்டுப் பார்க்க ஆசை வந்தது. அடுத்த நிமிடம் உன் அத்தான் ஞாபகம் வந்துவிட்டது. "இன்னாக்கா, மூச்சு முட்டுதா?" என்று ஸ்ரீதர் கேட்டான். ஆமாம் என்றேன்.

அத்தானுக்கு என்ன வேலை என்று நீ கேட்டதில்லை. கம்பெனி வேலை என்றால் அங்கே எல்லோருக்கும் போதும். டிராலியில் வரும் காஸ்டிங்கை எடுத்து மிஷினில் வைக்க வேண்டும். இரும்பு வார்ப்பு, அது என்ன கனம் இருக்கும் என்று உனக்குத் தெரியும். தூக்கிக் கொடுக்க ஹாய்ஸ்ட் இருக்கிறது. அதை மாட்டி இறக்கினால் லைன் பின்தங்கும் என்று எல்லோரும் கையாலேயே எடுக்கிறார்கள். அவர் கல்லூரியில் வலுதூக்கும் போட்டிகளுக்குப் போனவர் அல்லவா, மற்றவர்களுக்கு எப்படிக் குனிய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாராம். லைனில் அவருக்கு 'ஜிம் அண்ணன்' என்று பெயர்.

இடுப்பு பிடித்தபோது அந்தப் பெல்ட்டை எடுத்து யூனிபாரத்துக்குள் கட்டிக்கொண்டு போனார். ஷிப்ட் முடியும் வரை அவிழ்க்கவில்லை. அன்றைக்கு வலி தெரியவில்லை என்றார். அதைப் பார்த்து அடுத்தவனும் ஒன்று வாங்கினான். இப்போது அந்த லைனில் பல பையன்கள் சட்டைக்குள் பெல்ட் கட்டியிருக்கிறார்கள். சொந்தமாக இல்லாதவர்கள் ஒரே பெல்ட்டை ஷிப்டுக்கு ஷிப்ட் மாற்றிக்கொள்கிறார்கள். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவன் அவிழ்த்து, ஏறப் போகிறவனிடம் கொடுப்பதை நானே ஒரகடம் கூட்டுச்சாலையில் பார்த்திருக்கிறேன். தோல் இன்னும் சூடாக இருக்கும் போல. வாங்கியவன் சிரித்துக்கொண்டே கன்னத்தில் வைத்துக்கொண்டான்.

டாக்டர் ஓய்வு எடுக்கச் சொன்னார். அதை, வேலைக்கு எடுத்த கான்டிராக்டரின் ஆளிடம் சொன்னால் ஓய்வு கிடைக்கும், வேலை திரும்பக் கிடைக்காது. அதனால் சொல்லவில்லை. பெல்ட்டின் கடைசி ஓட்டையும் போதாமல் ஆணியைச் சுட்டு இன்னொன்று போட்டிருக்கிறார். இளைத்துவிட்டார். இப்போதெல்லாம் வேலைக்கு மட்டுமில்லை, உட்கார்ந்து சாப்பிடவும் அது வேண்டியிருக்கிறது. சாப்பிட்டு முடித்து எழுந்திருக்கும்போது நான் பாத்திரத்தைக் கழுவப் போய்விடுவேன். நான் பார்க்காமல் இருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபம். இனி நீ அந்தப் பெல்ட்டைக் கேட்க மாட்டாய்.

இதையெல்லாம் உனக்கு எழுத வேண்டும் என்று நினைக்கவில்லை. யாருக்கும் எழுத வேண்டும் என்று நினைக்கவில்லை. நீ பெல்ட் கேட்டுப் பேசியபோது கடைசியில் ஒன்று சொன்னாய். "டெட்லிப்ட்ல குனிஞ்சு தூக்கயில இடுப்பு லேசாப் பிடிக்கிக்கா, பெல்ட்டக் கட்டுனா சரியாப் போயிரும்." இதே வார்த்தையை நான் முன்பே கேட்டிருக்கிறேன். "ஒண்ணுமில்லட்டி, லேசாப் பிடிச்சிருக்கு, பெல்ட்டக் கட்டுனா சரியாப் போயிரும்." அன்றைக்கு அத்தானும் உன்னைப் போலவே அவசரமாகச் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

மாவட்டப் போட்டி நெருங்கிவிட்டது. ஜெயித்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வழி இருக்கிறது என்று உனக்குப் பயிற்சி கொடுக்கும் வானமாமலை மாஸ்டர் சொல்லியிருக்கிறார். நீ இந்த மாதிரிக் கம்பெனி பஸ்ஸில் ஏறக் கூடாது என்று என்னைவிட யாரும் ஆசைப்பட முடியாது. பெல்ட்டை அனுப்பாமல் இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். அனுப்பாவிட்டால் யாரிடமாவது இரவல் வாங்கி, பொருந்தாததைக் கட்டிக்கொண்டு தூக்குவாய். உன்னை எனக்குத் தெரியும். அதனால் நல்லதாகப் பார்த்து அனுப்பியிருக்கிறேன்.

பதிலுக்கு நீ ஒன்று செய்ய வேண்டும். ஒவ்வொரு நாளும் பெல்ட்டைத் தொடுவதற்கு முன்னால், வெறும் இடுப்போடு குனிந்து உன் இரண்டு ஷூவுக்கும் லேஸ் கட்டு. நின்றபடியே குனி, சுவரைப் பிடிக்காதே. பல்லைக் கடிக்காமல் கட்ட முடிந்தால் பெல்ட்டை எடுத்துக் கட்டிக்கொள். முடியாவிட்டால் அது பைக்குள்ளேயே இருக்கட்டும். மாஸ்டரிடம் சொல், டாக்டரிடம் காட்டு. போட்டி போனால் போகட்டும்.

இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. காலையில் கம்பெனி பஸ் வருவதற்கு முன்னால் உன் அத்தானின் சேப்டி ஷூவுக்கு நான்தான் லேஸ் கட்டுகிறேன். அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நிற்பார். முதல் தடவை கட்டியபோது, "கல்யாணத்துல மெட்டி போட நான் ஒங் காலுல குனிஞ்சேன், இப்ப நீ குனியுத, கணக்கு சரியாப் போச்சுட்டி" என்று கேலி செய்தார். நானும் சிரித்தேன். இப்போது கேலி செய்வதில்லை. தலையைக் குனிந்துகொண்டு கட்டுவதால் அவர் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவருக்குத் தெரியாது. அதுவரைக்கும் நல்லது.

அத்தான் வரும் சத்தம் கேட்கிறது. முடிக்கிறேன். அம்மாவிடம் நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்று சொல். பெல்ட்டைத் தேர்ந்தெடுத்ததே அத்தான்தான் என்றும் சொல், அவள் சந்தோஷப்படுவாள்.

நீ ஜெயிக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் வேண்டிக்கொள்வார்கள். அவர்கள் வேண்டிக்கொள்ளட்டும். உன் ஷூவுக்கு நீயே லேஸ் கட்டிக்கொண்டு மேடை ஏறு, மாரி. இறங்கி வந்து நீயே அவிழ்த்துக்கொள். எனக்கு அது போதும்.

உன் அக்கா,
கனகலட்சுமி