கிடா பிழைத்த அளவு

ரப்பர் தோட்டம், சுங்காய்
பிரபவ வருடம், ஆவணி 12

சிரஞ்சீவி மகன் பத்துமலைக்கு அப்பன் சன்னாசி ஆசீர்வதித்து எழுதுவது. இவ்விடம் எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் பழக்கம், இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரவில்லை. நீயாவது ஜொகூரில் சுகமாக இரு. உன் தங்கை இருளாயி படுத்துப் பத்து நாளாகிறது. கஞ்சி வயிற்றில் தங்கவில்லை, உள்ளங்கை தடித்து வெடித்திருக்கிறது, பாதத்தில் கிள்ளினால் தெரியவில்லை என்கிறாள். ரப்பர் மரத்தடியில் மண்டும் லாலான் புல்லைக் கருக்க மருந்தடிக்கும் கூட்டத்தோடு ஆறு மாதமாக அவளும் போய்வந்தாள். பாஷாணத்தில் செய்த மருந்து அது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் ஐயா வெறும் காய்ச்சல் என்று கொய்னா கொடுக்கிறார். மருந்தால் வந்ததா என்று கேட்டால், அந்த அளவுல ஆடே சாகலையே, மனுஷிக்கு என்ன வந்துரும் என்கிறார்.

அந்த ஆட்டைப் பற்றித்தான் உனக்குச் சொல்ல வேண்டும். மாசி மாதம், மருந்தை எவ்வளவு கலந்தால் ஆளுக்கு ஆபத்தில்லை என்று பார்க்கத் துரை ஒரு ஆடு கேட்டார். மருந்தடித்த புல்லில் மூன்று நாள் கட்டி மேய விடுவது, பிழைத்தால் அந்த அளவே சரி என்று புத்தகத்தில் எழுதிக்கொள்வது. கங்காணி வந்து நம் கிடாவை அவிழ்த்தார். முன்பு ஒரு தடவை இருளாயி காய்ச்சலில் கிடந்தபோது அவளுக்காக முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட கிடா என்று சொன்னேன், கேட்கவில்லை, காவலுக்கும் என்னையே வைத்தார். சாமிக்கு விட்டது விஷம் தின்றால் குற்றம் வந்து சேருமே என்று பயந்து, புல்லைக் கடிக்க முடியாதபடி அதன் வாயில் கூடு கட்டினேன், ஆள் வரும்போது அவிழ்த்தேன், யாரும் இல்லாத நேரம் பலா இலை ஒடித்துப் போட்டேன். நாலாம் நாள் துரை வந்து பார்த்தபோது கிடா துள்ளியது. ஒரு மண்ணெண்ணெய் டின் தண்ணீருக்கு இரண்டு சிகரெட் டின் மருந்து என்று எழுதிக்கொண்டு போனார். ஆடிப் பூசையில் கிடாவை வெட்டி லயமே சாப்பிட்டோம்.

முந்தாநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் ஆபீஸ் கிராணியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். இப்ப வந்து சொல்றியே சன்னாசி, அந்த அளவை எழுதின தாளு காம்பார் பக்கத்துத் தோட்டத்துக்கெல்லாம் போயிருச்சு, துரை காதுல விழுந்தா உன்னையும் என்னையும் சேத்துத் துரத்திருவாரு, பேசாம இரு என்றார். இன்று காலையும் அதே அளவில்தான் கலந்தார்கள். இருளாயி தூக்கிய மருந்து பம்பைப் பக்கத்து வீட்டு மங்களம் முதுகில் ஏற்றிக்கொண்டு போனாள். நான் கோழை, பார்த்துக்கொண்டு நின்றேன். இதில் இருளாயி என்னைக் கூப்பிட்டு, அப்பா இன்னொரு கிடா நேர்ந்துக்கங்க, போன தடவை மாதிரி எந்திரிச்சிருவேன் என்கிறாள். சரி என்று தலையாட்டினேன்.

உங்கள் தோட்டத்துக்கும் அந்தத் தாள் வந்தால் பம்பைத் தொடாதே, வேறு தோட்டம் பார். அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. லீவு கேட்டு உடனே புறப்பட்டு வந்து தங்கச்சி முகத்தைப் பார்த்துவிட்டுப் போ. பிழைப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. உன்னையும் உன் பிள்ளைகளையும் முனியாண்டி காப்பாற்றட்டும். வந்த இடத்தில் மறந்துவிடாதே, தங்கச்சி எதிரில் அந்தக் கிடாவைப் பற்றி என்னை ஒன்றும் கேட்காதே.

இப்படிக்கு,
உன் அப்பன் சன்னாசி