நீ போட்டாய், நான் நீக்கினேன்

மச்சான்,

புதுக் கணினி ஒன்று வாங்கியிருக்கிறேன். காலையிலிருந்து அதன் கறுப்புத் திரைக்கு முன்னால் இருந்து, எனக்குத் தேவையான மென்பொருள் கருவிகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருக்கிறேன். பெயரைத் தட்டினால் போதும், நிறுவி என்கிற நிரல் தானே இணையத்தில் போய் எடுத்து வரும். ஆனால் ஒன்றைக் கேட்டால் ஒன்று மட்டும் வராது. இன்னின்னவையும் கூட வரும், விடட்டுமா என்று கேட்கும். நான் அந்த இடத்திலேயே நின்றுகொண்டு, வரப்போகிற ஒவ்வொன்றும் யார், எதற்கு என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். மனைவி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள்.

நீ வாசிக்காமலே ஆம் என்று தட்டுகிற ஆள். கலியாணம் பேசப் போனாலும் பெண்ணோடு யார் யார் வருகிறார்கள் என்று நான் லிஸ்ட் கேட்பேன் என்று ஒஃபிஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்தவன்.

வெள்ளவத்தை மாடி அறை ஞாபகம் இருக்கிறதா? யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எனக்குச் சும்மா யாரும் அறை தரமாட்டார்கள். கொழும்பில் பிறந்த ஒருவன் எனக்காகப் பொலிசில் பொறுப்பெடுக்க வேண்டும் என்றார் வீட்டுக்காரர். கொட்டாஞ்சேனைக்காரனான நீ மறுபேச்சில்லாமல் கையெழுத்து வைத்தாய், அறையைப் பங்கு போடவும் வந்தாய். வேலையிடத்தில் பழகிச் சில மாதங்கள்தான். இவ்வளவு லேசாக ஒருவன் கையெழுத்து வைப்பானா என்று அன்றைக்கே எனக்குள் ஓர் அரிப்பு. சோதனைச் சாவடியில் நாங்களெல்லாம் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு வாயடைத்து நிற்க, நீ "அய்யே" என்று அண்ணன் முறை வைத்துச் சிங்களத்தில் பகிடி விட்டுக் கடந்து போவாய். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. சண்டை நடந்த, ஆட்கள் காணாமல் போய்க்கொண்டிருந்த காலம். போனவர்களைப் பற்றி யாரோ ஒருவன் பொலிசின் காதில் போட்டிருப்பான் என்றுதான் ஊரில் கதை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேண்டாத கருவிகளைக் களைவோம் என்று, என் கணினியில் என்னென்ன இருக்கிறது என்று நிறுவியிடம் கேட்டேன். நான் போடாத ஒன்று இருந்தது. பக்கத்துக் கணினியிலிருந்து என்னுடையதற்குள் நுழைய வழிவிடும் கருவி. அறையில் பக்கத்துக் கணினி உன்னுடையது. என் கடவுச்சொல் தெரிந்தவனும் நீ ஒருவன்தான்.

அமைப்புக் கோப்புகளும் மிஞ்சாமல் அதை அடியோடு நீக்கினேன். கடவுச்சொல்லை மாற்றினால் நான் கண்டுகொண்டது உனக்குத் தெரிந்துவிடும். வேறு எதையோ கழற்றும்போது இதுவும் சேர்ந்து போயிற்று என்று நீ நினைக்கட்டும் என்று விட்டேன். சில நாட்களில் அது திரும்ப வந்திருந்தது. நீக்கினேன். மறுபடியும் போட்டாய். இதற்கிடையில் ஒரே சோற்றுப் பார்சலை விரித்துச் சாப்பிட்டோம், ஒருவர் குடையை மற்றவர் கொண்டுபோனோம். இதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. உன் குறட்டை கூட நடிப்போ என்று நான் யோசித்திருக்கிறேன்.

கடைசியில் என்னால்தான் பொறுக்க முடியவில்லை. நீ வேலைக்குப் போகச் சேர்ட்டை அயர்ன் பண்ணிக்கொண்டு நின்றாய்.

"என்ரை மெஷினிலை நீயோ கை வைச்சனி?"

நீ தலையை நிமிர்த்தவில்லை. "ஓ, நான்தான். ஒனக்காகப் பொலிஸ்ல சைன் வச்சது நான்தானே. நீ ஏதாவதுல மாட்டினா மொதல்ல என்னயத்தான் தூக்குவாங்க. ஒன்ட மெஷின்ல என்ன இருக்குண்டு பாக்காம நான் எப்பிடி நிம்மதியா இருக்கிறது?"

கோபம் வந்தது. அதைவிட நிம்மதி வந்தது. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் முதல் நாளே பார்த்திருப்பேன். நீ அதோடு விடாமல், என்னுடையதையும் பார் என்று உன் கடவுச்சொல்லைச் சொன்னாய்.

மரியாதைக்கு வேண்டாம் என்றிருக்கலாம். நான் பார்த்தேன். மேலோட்டமாக அல்ல, ஒவ்வொரு கருவியும் எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது, எதன் கூட ஒட்டிக்கொண்டு வந்தது என்று துருவித் துருவிப் பார்த்தேன். என்ன குப்பை மச்சான் அது. கட்டளையைப் பிழையாகத் தட்டினால் திரையில் ரயில் ஓட்டுகிற கருவி, திரையில் வரைந்த மாட்டின் வாயால் பேசுகிற கருவி. பாட்டுகள், உன் அக்காவின் பிள்ளைகளுடைய படங்கள். மறைக்க ஒன்றுமில்லை. அதன் பிறகு இரண்டு கணினிகளிலும் அந்தக் கருவியை அப்படியே விட்டுவிட்டோம்.

பிறகு ஒருநாள், அக்காவைப் பார்க்கப் போகிறேன் என்று போனாய். கொட்டாஞ்சேனையில் பஸ்ஸால் இறங்கியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அக்கா வீட்டுக்கு நீ போய்ச் சேரவில்லை. எந்தப் பொலிசிலும் உன் பெயர் இல்லை என்றார்கள். சந்தேகிக்கப்படுவதற்கென்றே வந்தவன் போல என்னை எல்லோரும் பார்த்த ஊரில், என்னை விட்டுவிட்டு உன்னைக் கொண்டுபோனார்கள்.

பிறகு கதைகள் தொடங்கின. வீட்டுக்காரர் படியில் வைத்து, "ஒண்டும் இல்லாமலோ தம்பி கொண்டு போவாங்கள்?" என்று கேட்டார். ஒஃபிசில் உன் கதிரைக்குப் பக்கத்தில் யாரும் இருக்க விரும்பவில்லை. அதெல்லாம் பரவாயில்லை. ஒருநாள் அக்கா தேத்தண்ணியை என் கையில் தந்துவிட்டு, பிள்ளைகள் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினா.

"தம்பி, எங்களுக்குத் தெரியாம அவன் ஏதாவது செஞ்சானா?"

சொந்த அக்கா. அவவிலும் பிழை இல்லை, அந்தக் காலம் அப்படி. எனக்கு அழுகை வந்துவிட்டது. இல்லை அக்கா, நான் பார்த்தனான் என்றேன். நிறுவி, கருவி, நீ போட்டது, நான் நீக்கியது எல்லாவற்றையும் சொன்னேன். அவவுக்கு என்ன விளங்கியதோ தெரியாது. பாத்தீங்கதானே, பாத்தீங்கதானே என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தா.

இத்தனை வருடங்களில் நான் மாறவில்லை. பொலிஸ் சொன்னதையும் நம்பவில்லை, பேப்பர் சொன்னதையும் நம்பவில்லை, எல்லாம் சரியாகிவிட்டது என்கிறவர்களை அறவே நம்பவில்லை. உன்மேல் ஒரு பிழையும் இல்லை என்று நம்புகிற சிலர் இன்னும் இருக்கிறார்கள். நல்ல சனங்கள். நான் நம்பவில்லை, மச்சான். எனக்குத் தெரியும்.